பத்தடி ஆழத்துல பத்து லட்சம்

மொதல்ல தொகையச் சொல்லிடறேன், இல்லன்னா எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணி அதத்தான் தேடுவீங்க. 14,800 டாலர். 2019 மே மாசம், அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ்ல, எங்க வீட்டு பேஸ்மென்ட்லேர்ந்து தெரு நடுவுல ஓடற மெயின், அதாவது சிட்டியோட பெரிய சாக்கடைக் குழாய் வரைக்கும் 52 அடி டிரைனேஜ் லைன மாத்தறதுக்கு ஆன செலவு. அன்னிக்கு டாலர் 70 ரூபா, ஆக பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. இதுல குழாயோட வெல எவ்ளோன்னு நெனைக்கிறீங்க? ஹோம் டிப்போல போய் நானே பாத்தேன், நாலு இன்ச் பிவிசி பைப்பு ஆறு, எல்போ, ஒய், க்ளீன்அவுட் மூடி, பசை எல்லாம் சேத்து 400 டாலர் தாண்டல. பாக்கி 14,400 எங்க போச்சுன்னு எனக்கே புரியறதுக்கு மூணு மாசம் ஆச்சு.

வீடு 1926ல கட்டினது. தெக்கு மினியாபொலிஸ்ல நோகோமிஸ் ஏரிப் பக்கம், அந்தக் காலத்து பங்களா மாடல், மரத்தரை, தெருவோட ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம். நம்மாளுங்க பெரும்பாலும் ஈடன் ப்ரேரி, மேப்பிள் க்ரோவ்னு புதுசா கட்டின வீடாப் பாத்துதான் வாங்குவாங்க, நான்தான் 2016ல ‘பழசுல ஒரு அழகு இருக்கு’ன்னு பேசி வீட்டம்மாவ சம்மதிக்க வச்சேன். அந்த அழகுக்கு அடியில என்ன இருக்குன்னு யாரும் கேக்கல. இங்க வீடு விக்கறதுக்கு முன்னாடி சிட்டி கேக்கற ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் உண்டு, ஆனா அது கண்ணுக்குத் தெரியறத மட்டும்தான் பாக்கும். நாங்க தனியா வச்ச இன்ஸ்பெக்டரும் எல்லாக் குழாயையும் தொறந்து விட்டாரு, தண்ணி சரசரன்னு எறங்குச்சு, ‘நல்லா ஓடுது’ன்னு டிக் போட்டுட்டுப் போயிட்டாரு. 250 டாலர் குடுத்தா உள்ள கேமரா விட்டுப் பாத்துச் சொல்றவங்க இருக்காங்கங்கறதே எனக்கு அப்போ தெரியாது. மூணு லட்சம் டாலர் வீட்டுக்கு டைல்ஸ் கலரப் பாத்தேன், மூடி போட்ட மின்விசிறியப் பாத்தேன், இதப் பாக்கல.

சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனா சொல்லாம இருக்க முடியல. இந்த ஊர்க் கழிவுநீரச் சுத்தம் பண்ற மொத பிளான்ட் பக்கத்து ஊரு செயின்ட் பால்ல பிக்ஸ் ஐங்கற எடத்துல 1938ல தான் தொறந்தாங்க. அதாவது எங்க வீடு கட்டி மொத பன்னெண்டு வருஷம் இந்தக் குழாய்ல போனதெல்லாம் நேரா மிசிசிப்பில போய்ச் சேந்திருக்கு. கூவத்தப் பத்தி நான் இங்க யார்கிட்டயாவது கொறச்சலாப் பேசினா இத ஞாபகப்படுத்திக்கறது வழக்கம்.

கத 2019 ஜனவரி கடைசியில ஆரம்பிச்சுது. 30ஆம் தேதி காலைல மைனஸ் 28 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 33. ஸ்கூல் லீவு, தபால்காரர் கூட வரல. அன்னிக்கு டாய்லெட் ஃப்ளஷ் பண்ணா பக்கத்துல இருக்கற பாத்டப் ‘களக் களக்’னு சத்தம் போட்டுச்சு. கூகுள்ல தேடினா கூரை மேல நீட்டிக்கிட்டு இருக்கற வென்ட் பைப்பு உறைஞ்சிருக்கும்னு போட்டிருந்தான். அது நெஜமாவே நடக்கற விஷயந்தான், உள்ளேர்ந்து வர்ற வெதுவெதுப்பான ஈரக்காத்து மேல போய் பைப்பு வாய்ல பட்டுப்பட்டு பனியாப் படிஞ்சு கடைசியில மூடிக்கும், அப்புறம் காத்து கெடைக்காம தண்ணி எறங்கும்போது சத்தம் வரும். வெயில் வந்தா தானா சரியாயிடும்னு விட்டுட்டேன். வெயில் வந்துச்சு, சத்தம் போகல.

பிப்ரவரில 39 இன்ச் பனி பேஞ்சுது, இந்த ஊர் ரெக்கார்ட்லயே எந்த பிப்ரவரிக்கும் இல்லாத அளவு. அப்படி ஒரு ஞாயித்துக்கெழம காலைல நான் வெளிய ட்ரைவ்வேல பனியத் தள்ளிக்கிட்டு இருக்கேன், வீட்டம்மா கதவத் தொறந்து, “ஏங்க, கீழ பேஸ்மென்ட்ல தண்ணி வருது, தண்ணி மட்டும் இல்லங்க” அப்படின்னா. வாஷிங் மெஷின் தண்ணிய வெளியத் தள்ற நேரம், போக வழியில்லாம தரையில இருக்கற ட்ரெயின் ஓட்டை வழியா எல்லாம் மேல வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வாசனைய எழுத வேணாம்.

ஞாயித்துக்கெழமங்கறதால கூடுதல் சார்ஜ் போட்டு 285 டாலருக்கு ஒருத்தர் அடைப்பு எடுக்கற மெஷினோட வந்தாரு. வந்த உடனே மெஷின விடல, மொதல்ல கேஸ் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி என் அட்ரஸச் சொல்லி ஏதோ கேட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு ஒரு கத சொன்னாரு. 2010 பிப்ரவரில செயின்ட் பால்ல இதே மாதிரி அடைப்பு எடுக்கப் போன ஆள் மெஷின விட்டப்போ, டிரைனேஜ் குழாய ஊடுருவிக்கிட்டுப் போட்டிருந்த கேஸ் லைன் அறுந்து, கொஞ்ச நேரத்துல வீடே வெடிச்சிடுச்சு. உள்ள இருந்தவங்க தப்பிச்சாங்க. தெருவத் தோண்டாம பூமிக்கடியில தொளச்சு கேஸ் குழாய் போடும்போது, அங்க ஏற்கெனவே ஒரு களிமண் குழாய் இருக்கறது தொளைக்கறவனுக்குத் தெரியாது, குத்திக்கிட்டுப் போயிடும், வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது. எங்க லைன்ல அப்படி ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் வேலைய ஆரம்பிச்சாரு.

அரைமணி நேரத்துல கேபிள் நுனியில தலமுடிக் கத்த மாதிரி ஒரு கட்டு வேர் வந்துச்சு. அதோட வெள்ள வெள்ளயா மெழுகு மாதிரி கட்டி. என்னன்னு மோந்து பாத்தாரு (இவங்க தொழில் பக்தி வேற லெவல்), கண்டுபிடிக்க முடியல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வீட்டம்மாவுக்கு நாகர்கோவில், எங்க வீட்டுல அவியல்லேர்ந்து தல வரைக்கும் தேங்காண்ணெய்தான். அது 24 டிகிரிக்குக் கீழ போனாலே ஒறஞ்சிடும், பத்தடி ஆழத்துல மண்ணோட குளிர்ச்சிக்கு என்ன ஆகும்னு கேக்கணுமா. பாத்திரம் கழுவும்போது போற எண்ணெ, தேங்காத் துருவல், தாளிச்ச கறிவேப்பில எல்லாம் அந்த வேர்ல போய் மாட்டிக்கிட்டு ஒரு நெய்ப்பந்தம் மாதிரி உக்காந்திருந்துச்சு. “உங்க மரத்தோட வேரு, என் எண்ணெயச் சொல்லாதீங்க”ன்னு அவ இன்னிக்கு வரைக்கும் வாதாடுறா. நியாயமாப் பாத்தா அவ பக்கந்தான் சரி, வேர் இல்லன்னா எண்ணெ போயிருக்கும்.

மறுநாள் கேமரா விட்டாங்க. இதுக்கு 250. ஸ்க்ரீன்ல நம்ம வீட்டு வயித்துக்குள்ள எண்டாஸ்கோபி பாக்கற மாதிரி இருந்துச்சு. அந்தக் காலத்துல ரெண்டு ரெண்டடி நீளத்துக்குச் சுட்ட களிமண் குழாய ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நடுவுல சிமென்ட் பூசியிருக்காங்க. 52 அடிக்கு 26 இணைப்பு. ஒவ்வொண்ணும் வேருக்கு ஒரு வாசக்கதவு. வெளிய எல்லாம் உறைஞ்சு கெடக்கறப்ப கூட இந்தக் குழாயச் சுத்தி மண்ணு கொஞ்சம் வெதுவெதுப்பா ஈரமா இருக்கும், மரத்துக்கு வேற என்ன வேணும். 27வது அடியில, நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவுல நிக்கற சில்வர் மேப்பிள் மரத்துக்கு நேர் கீழ, வேர் தெரை போட்ட மாதிரி தொங்குச்சு. 38ல குழாய் மேல்பக்கம் விரிசல். 41லேர்ந்து 46 வரைக்கும் கேமரா தண்ணிக்குள்ள முங்கிடுச்சு. குழாய் அங்க தொய்ஞ்சு தொட்டில் மாதிரி ஆயிடுச்சாம், தண்ணி போகாம அங்கயே நிக்குது. ஒரு அடிக்குக் கால் இன்ச் சரிவு இருக்கணும், அதுதான் கணக்கு, அது போச்சுன்னா தண்ணியும் நிக்கும், அதுல வர்ற மத்ததெல்லாம் அங்கயே உக்காந்துக்கும். கேமரா முனையில ஒரு சிக்னல் வருது, மேல கருவி வச்சுப் பிடிச்சு ஆழம் சொன்னாரு. வீட்டு ஓரத்துல எட்டடி. மெயின்கிட்ட பத்தரை.

“சரி, தெருவுக்கு அடியில இருக்கறத சிட்டிதானே பாத்துக்கும்?”னு கேட்டேன். அவர் என்ன ஒரு மாதிரி பரிதாபமாப் பாத்தாரு.

இந்த ஊர்ச் சட்டம் என்னன்னா, வீட்டுலேர்ந்து மெயின்ல போய்ச் சேர்ற எடம் வரைக்கும், அந்தச் சேர்ற மூட்டு உட்பட, குழாய் வீட்டுக்காரனோடது. தெரு சிட்டியோடது, மரம் பார்க் போர்டோடது, அதுக்கு அடியில பத்தடி ஆழத்துல இருக்கற களிமண் குழாய் மட்டும் என்னோடது. டொரொண்டோல இருக்கற சித்தப்பா பையன்கிட்டச் சொன்னப்போ அவன் நம்பல, அங்க சொத்து எல்லை வரைக்குந்தான் வீட்டுக்காரன் பொறுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் சிட்டி. என் லைன்ல மோசமான பாகம் அத்தனையும் எல்லைக்கு அந்தப் பக்கந்தான், அங்க இருந்திருந்தா எனக்குப் பாதித் தலவலி மிச்சம். மரத்த வெட்டலாமான்னு கேட்டேன், நம்ம மரமே இல்லயே, வெட்டறதுக்கு நாம யாரு.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டேன். தேய்மானம், வேர் ரெண்டும் பாலிசில கெடையாது. தண்ணி மேல வந்து பேஸ்மென்ட்ல பாழான சாமானுக்கு ஏதோ கெடைக்கும், அதுவும் அதுக்குன்னு தனியா எழுதி வாங்கியிருந்தா. குழாய்க்குக் கெடையாது. ‘சர்வீஸ் லைன் கவரேஜ்’னு ஒண்ணு இருக்கு சார், வருஷத்துக்கு 40 டாலர் சொச்சந்தான்னு சொன்னாரு. இத மூணு வருஷம் முன்னாடி ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீங்க கேக்கலயே சார்னாரு.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். மொத ஆளு தோண்டாமயே பண்ணித் தரேன்னாரு, 9,200. பழைய குழாய்க்குள்ள பிசின் ஊறின துணிக்குழாய விட்டு, காத்தடிச்சு ஒட்ட வச்சு, சூடு காட்டி எறுக விடறது. இது ஒண்ணும் புதுசில்ல, எரிக் வுட்ங்கற ஆங்கிலேயர் 1971லயே லண்டன்ல ஹாக்னி பக்கம் ஒரு பழைய சாக்கடையில பண்ணிக் காட்டின வித்தை. தோட்டம் போகாது, ரோடு போகாது, ஒரே நாள்ல முடிஞ்சிடும். எனக்கு ஆச அதிகமாயிடுச்சு. ஆனா அந்த ஆளு நேர்மையான ஆளு, வீடியோவப் பாத்துட்டு அவரே சொன்னாரு, பழைய குழாய் எப்படி வளஞ்சிருக்கோ அப்படியேதான் புது ஒறையும் படியும், தொய்வு தொய்வாத்தான் இருக்கும், 9,200 குடுத்துட்டு அடுத்த வருஷம் என்னத் திட்டாதீங்க. பழைய குழாய ஒடச்சுக்கிட்டே புதுக் குழாய இழுக்கற ஒரு முறையும் உண்டு, அதுவும் பழைய வழியிலயேதான் போகும், அதனால அதுவும் இதுக்கு ஆகாது. தோண்டித்தான் ஆகணும்.

ரெண்டாவது ஆளு இப்பவே தோண்டித் தரேன், 19,500ன்னாரு. மூணாவது ஆளு 14,800, ஆனா மே மாசம். ரெண்டு பேரும் அதே 52 அடி, அதே குழாய், அதே ஆழம். நடுவுல இருக்கற 4,700 டாலர் குளிரோட வெல. என்ன குளிருக்கு இவ்ளோ காசான்னு நான் ரெண்டாவது ஆள்கிட்ட சண்டையே போட்டேன், அவர் பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுத்தாரு, அங்கதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சுது.

நாம எல்லாரும் நெனைக்கறது, குளிர் ஊர்ல டிரைனேஜ் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும், அதனால செலவுன்னு. அது அபூர்வம். குடிதண்ணி பைப்பு உறையும், டிரைனேஜ் அவ்ளோ லேசுல உறையாது, ஏன்னா அதுல தண்ணி நிக்காது, வர்ற தண்ணியும் வெதுவெதுப்பா வரும். வடக்க காட்டுப் பக்கம் கேபின் வச்சிருக்கறவங்களுக்கு செப்டிக் லைன் உறையும், ஆளில்லாத வீட்டுல ஒழுகற குழாய்லேர்ந்து சொட்டுச் சொட்டா எறங்கி அடுக்கடுக்கா ஐஸ் கட்டும், அதுவும் பனி கொறச்சலா பேயற வருஷத்துல, ஏன்னா பனிதான் பூமிக்குப் போர்வ. ஆனா எங்க வீட்டு மாதிரி எட்டடி பத்தடில இருக்கற லைனுக்கு அந்தப் பயம் இல்ல.

அப்போ குளிரு காச எங்க புடுங்குதுன்னா, அந்த ஆழத்துலதான். இங்க வீட்டு அஸ்திவாரம் கொறஞ்சது 42 இன்ச் கீழ போகணும்னு சட்டம், மேல இருக்கற மண்ணு உறைஞ்சு உப்பி வீட்டத் தூக்கிடும்னு. அவ்ளோ தோண்டறதே தோண்டறோம், இன்னும் கொஞ்சம் தோண்டி பேஸ்மென்ட்டே வச்சுக்குவோம்னு எல்லா வீட்டுக்கும் பேஸ்மென்ட். டிரைனேஜ் பேஸ்மென்ட் தரைக்கும் கீழ போகணும், அதுக்கும் கீழ மெயின். குளிரு ஒரு அடி கீழ எறங்கினா மனுஷன் மூணடி கீழ எறங்குறான். நூறு வருஷம் முன்னாடி ஆளுங்க மம்பட்டியால எறங்கிட்டாங்க, இப்ப திரும்ப அதே ஆழத்துக்கு நான் காசு குடுத்து எறங்கணும்.

குளிர்காலத்துல தோண்டறதுன்னா அது இன்னொரு கூத்து. தெருவுல பனிய வழிச்சு வழிச்சு எடுத்துடறதால அங்க போர்வ இல்ல, புல்தரைய விட ரோட்டுக்கு அடியில இன்னும் ஆழமா உறையும். உறைஞ்ச மண்ணு மண்ணு இல்ல, கான்க்ரீட். ஒண்ணு பெரிய பிரேக்கர் வச்சு ஒடைக்கணும், இல்லன்னா சூடான திரவம் ஓடற ரப்பர் ஹோஸ தரை மேல பாம்பு மாதிரி பரப்பி, மேல கம்பளிப் போர்வ போட்டு, டீசல் எரிச்சு எளக்கணும், ஒரு நாளைக்கு ஒரு அடி எளகினா பெருசு. தோண்டின மண்ணு கட்டி கட்டியா கெடக்கும், அதத் திரும்பப் போட்டு மூட முடியாது, வசந்தத்துல எளகி ரோடு உள்வாங்கிடும், அதனால அத லாரில ஏத்தி வெளிய கொட்டிட்டு புது மண்ணு வாங்கிட்டு வரணும். கடைசியா மேல தார் போடணும், ஆனா குளிர்காலத்துல இங்க சூடான தார்க்கலவை போடற பிளான்ட்டே மூடியிருக்கும், தற்காலிகமா எதையாவது போட்டு மூடிட்டு ஏப்ரல் மே மாசம் வந்து அதப் பேத்துட்டு மறுபடி போடணும். ஒரு வேலைய ரெண்டு தடவ. 4,700 கம்மிதான்னு தோணிச்சு.

காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணோம். மார்ச்ல ஒரு தடவ, ஏப்ரல்ல ஒரு தடவ அடைப்பெடுக்கற ஆளு வந்துட்டுப் போனாரு, வார நாள்ங்கறதால 220, 220. துணி துவைக்க காசு போட்டுத் துவைக்கற கடைக்கு. குளியல் அஞ்சு நிமிஷம். வாணலிய மொதல்ல பேப்பரால தொடச்சு அந்தப் பேப்பரக் குப்பையில போடணும், அப்புறந்தான் கழுவணும் (இந்தப் பழக்கம் மட்டும் இன்னும் இருக்கு). சொந்தக்காரங்க வர்றேன்னா வேணாம்னோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், 1971லேர்ந்து அதே வீடு, ஒரு நாள் வந்து பேஸ்மென்ட் பாத்ரூம் சாவியக் குடுத்துட்டு “எப்ப வேணா வந்து குளிச்சுக்கோங்க”ன்னாரு. அவர் வீட்டு லைன 1988லயே மாத்திட்டாராம். எவ்ளோ ஆச்சுன்னு கேட்டேன். மூவாயிரத்து சொச்சம்னாரு. “இதவிட மோசமாவும் ஆயிருக்கலாம்”னு கூடவே ஒண்ணு சொன்னாரு, மினசோட்டாக்காரங்க எதுக்கும் இதத்தான் சொல்வாங்க, வீடு எரிஞ்சாலும்.

ஏப்ரல்ல பனி எளகின உடனே தோண்டுங்கன்னு நின்னேன், கான்ட்ராக்டர் ஒத்துக்கல, எளகின மண்ணு சேறு மாதிரி, பக்கச்சுவரு நிக்காது, மே நடுவுல பாக்கலாம்னாரு. அதுக்கு முன்னாடி 811க்கு (தோண்டப் போறோம்னா ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டிய நம்பர்) சொல்லி ஆளுங்க வந்து புல்லு மேலயும் ரோட்டு மேலயும் கோடு போட்டுட்டுப் போனாங்க, மஞ்சள் கேஸ், நீலம் தண்ணி, சிவப்பு கரண்ட், ஆரஞ்சு கேபிள், பச்ச டிரைனேஜ். வாசல்ல யாரோ கோலம் போடத் தெரியாம போட்ட மாதிரி இருந்துச்சு.

காலைல ஏழு மணிக்கு வந்தாங்க. பெரிய எக்ஸ்கவேட்டர் ஒண்ணு, லாரி ரெண்டு, ஆளு நாலு பேரு, ரோட்டுல தடுப்புப் பலகை. மண்வெட்டி தரையில படறதுக்கு முன்னாடி எறக்கினது ரெண்டு பக்கமும் இரும்புச் சுவரு, நடுவுல குறுக்குக் கம்பி வச்ச ஒரு பெரிய பெட்டி. ட்ரெஞ்ச் பாக்ஸ்ங்கறாங்க. அஞ்சடிக்கு மேல ஆழமான குழிக்குள்ள ஆள் எறங்கணும்னா பக்கச்சுவர் சரியாம இருக்க ஏதாவது ஒரு தடுப்பு இருந்தே ஆகணும், இது அமெரிக்கா முழுக்க ஓஷா, அதாவது வேல செய்யற எடத்துப் பாதுகாப்பப் பாத்துக்கற அரசு அமைப்பு, போட்ட விதி. ஒரு கன கஜம் மண்ணு ஒரு சின்னக் கார் எடை இருக்கும், நெஞ்சு மேல விழுந்தா தல வெளிய இருந்தாலும் மூச்சு விட முடியாது. அந்தப் பெட்டி வாடகை, அத எறக்கறதுக்கே அவ்ளோ பெரிய மெஷின், அதுக்கு ஆபரேட்டர், அத வச்சுத் தோண்டறதால குழி இன்னும் அகலம், அகலத்துக்கு ஏத்த தார். என் 14,400ல பெரிய பங்கு இதுல போச்சு. பில்ல வரி வரியாப் பாத்தா, கீழ எறங்கற ஆளு சாயங்காலம் மேல ஏறி வீட்டுக்குப் போறதுக்கான செலவுதான் அது.

கீழ எறங்கினது இருபத்தஞ்சு வயசுப் பையன். அலுமினிய ஏணி வச்சு எறங்கினான், ஹெல்மெட், முட்டி வரைக்கும் பூட்ஸ், கையுறை, பாட்டு கேட்டுக்கிட்டே பழைய களிமண் குழாய எடுத்து எடுத்து மேல குடுத்தான். பிளம்பர் லைசென்ஸுக்கு நாலு வருஷம் அப்ரன்டிஸா வேல பாக்கணும், அவனுக்கு மூணாவது வருஷம். மத்தியானம் எங்க வீட்டுப் படிக்கட்டுலயே உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டான், வீட்டம்மா குடுத்த மெதுவடை ரெண்ட தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டான்.

எனக்கு வடை எறங்கல. விருதுநகர்ல நாங்க இருந்த தெருவுல செப்டிக் டேங்க் நெறஞ்சா ராத்திரில ஒருத்தர் வருவாரு, கூட ஒரு சின்னப் பையன். பகல்ல வரக் கூடாது, வாசனை. சட்டையக் கழட்டிட்டு உள்ள எறங்குவாரு, வாளில அள்ளி அள்ளி மேல குடுக்கணும். ஏணி கெடையாது, கயிறு. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு குவாட்டர் வாங்கிக் குடுக்கறது வழக்கம், அது இல்லாம எறங்க முடியாதுன்னு பெரியவங்க ஏதோ சலுக மாதிரி பேசிக்குவாங்க. வேல முடிஞ்சா எங்க ஆச்சி தூர நின்னு கையில தண்ணி ஊத்தும். காசத் திண்ணையில வச்சுட்டு உள்ள போயிடும். அவர் பேரு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ‘டேங்க்காரன்’ தான். அவர்கூட வந்த பையனுக்கு அப்போ என் வயசு இருக்கும்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் குழியக் காட்டினேன். தொகையச் சொன்னா கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. “எத்தன அடிடா?”ன்னாரு. பத்தரைன்னேன். “போர் போடற மாதிரிதான்டா, குழாய்க்கா காசு, அடிக்குத்தான காசு”ன்னாரு. மூணு மாசமா நான் எக்ஸெல் ஷீட் போட்டுக் கண்டுபிடிச்சது அவருக்கு ஒரு நொடி. அப்புறம் கேட்டாரு, “உள்ள எறங்கினவனுக்கு எவ்ளோ குடுக்கறாங்க?” சொன்னேன், நான் இங்க வந்த புதுசுல மணிக்கு வாங்கினத விட அதிகம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. மழ பேஞ்சுதான்னு கேட்டாரு.

ஃபோன வச்சப்புறம் பத்து லட்சங்கற எண்ண எங்கயோ கேட்டிருக்கேனேன்னு யோசிச்சேன். சாக்கடைக்குள்ளயும் செப்டிக் டேங்க்குலயும் எறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்கு, 1993லேர்ந்து செத்தவங்க எல்லாருக்கும், ஆளுக்குப் பத்து லட்சம் குடுக்கணும்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. மனுஷன எறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு, அதுக்கப்புறமும் எறங்கறாங்க, அப்புறமும் சாகறாங்க, 2023ல அத முப்பது லட்சமா ஏத்தினாங்க. என் வீட்டுக் குழியில ஒருத்தன் சாகாம இருக்க முன்கூட்டியே ஆன செலவும், அங்க ஒருத்தர் செத்தப்புறம் குடுக்கற காசும் அந்த 2019 மே மாசக் கணக்குக்கு ஒரே தொகை. அடிக்குத்தான் காசுன்னு அப்பா சொன்னது சரிதான், ஆனா எங்க தெருவுல அந்த அடிக்கு யாரும் காசே குடுக்கலங்கறதும் அவருக்குத் தெரியும், அதான் மழையப் பத்திக் கேட்டிருக்காரு.

வேல ரெண்டு நாள்ல முடிஞ்சுது. புதுக் குழாய் மேல ஒரு செம்புக் கம்பியும் சேத்துப் போட்டாங்க, பிளாஸ்டிக் குழாயக் கருவி கண்டுபிடிக்காது, கம்பிய வச்சு அடுத்த தடவ எவனாவது தேடிக்கலாம்னு. மரத்தோட ஒரு பக்க வேரக் கொஞ்சம் நறுக்க வேண்டியிருந்துச்சு, மரம் நல்லாத்தான் இருக்கு. பழைய களிமண் குழாயில ஒடையாத துண்டு ஒண்ண நான் எடுத்து வச்சுக்கிட்டேன், நல்லா பளபளன்னு அரக்குக் கலர், கழுவிட்டு கறிவேப்பிலச் செடி வைக்கலாம்னு பாத்தேன், அத வீட்டுக்குள்ள கொண்டு வந்தா நான் நாகர்கோவிலுக்குக் கெளம்பிடுவேன்னா வீட்டம்மா. கராஜ்ல கெடக்கு.

கையில அவ்ளோ காசு இல்ல. இங்க ஒரு வசதி, இந்த மாதிரி செலவ சிட்டி மூலமா பிராப்பர்ட்டி டாக்ஸ்ல ஏத்தி வருஷா வருஷம் கட்டலாம், வட்டி உண்டு. எங்களுது பத்து வருஷம். மே 15, அக்டோபர் 15, ரெண்டு தவணை, பில்லுல தனியா ஒரு வரி. 2029 வரைக்கும் அந்த வரி வரும். 40 டாலர் இன்ஷூரன்ஸையும் எடுத்தாச்சு, புதுக் குழாய்க்கு எதுக்குன்னு கேக்காதீங்க.

போன வாரம் மூணு வீடு தள்ளி ஒரு புதுத் தம்பதி, கேரளாக்காரங்க, 1924ல கட்டின வீடு. பாத்டப்ல களக் களக்னு சத்தம் வருதாம். மாத்தறதுன்னா எவ்ளோ ஆகும்னு என்கிட்ட கேட்டாங்க.

கேமரா விட்டாச்சா, எத்தன அடி ஆழம்னு கேட்டேன்.